மஞ்சள் ஒயர்

1

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். திங்கள், வெள்ளி. மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பது ஐதீகம். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில் எட்டு கிலோமீட்டர் வந்தால் ஊர். செவ்வாய்க்கிழமை போய் இறங்கினால் சின்ன ஊர்தான். வெள்ளிக்கிழமை காலையில் போனால் வேறு ஊர். மாவிளக்கு மாவு இடிக்கிற சத்தம், மொட்டை போட்ட குழந்தைகளின் அழுகை, சென்னை, பெங்களூரு என்று வெளியூர் நம்பர் போட்ட கார்கள்.

குலதெய்வம் இங்கே இருக்கிறது, குடும்பங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. வருகிறவர்கள் ஒரு நாள் விசேஷத்துக்கு வருகிறார்கள், அந்த ஒரு நாளை எப்படியாவது பிடித்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று கையில் கேமராவோடு வருகிறார்கள். கடந்த நாற்பது வருஷத்தில் வீட்டு விசேஷம் எடுக்க என்னென்ன கேமரா வந்ததோ, அதில் பெரும்பாலானவை இந்தக் கோயில் வாசலைப் பார்த்திருக்கும்.

என் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது அப்பா என்னைத்தான் கூப்பிட்டார். "எந்த கேமராக்காரன வைக்கலாம்னு பாத்து சொல்லு. ஒருத்தன் 4கேங்கிறான், ஒருத்தன் ட்ரோனுங்கிறான். நம்ம வீட்ல இப்ப பெரிய டிவியும் வந்துருச்சு. ஸ்பீக்கரெல்லாம் மாட்டிருக்கு. அதுல பாக்கற மாதிரி இருக்கணும்."

ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்ல உட்கார்ந்தபோது, 1993இல் அதே வாசலில் எனக்கு மொட்டை போட்ட நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

2

உங்களில் பலர் வீடியோ கேசட்டைக் கையில் தொட்டிருக்க மாட்டீர்கள். அரை இஞ்ச் அகல டேப், புத்தகம் மாதிரி ஒரு கருப்புப் பெட்டி. சோனி 1975இல் பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஜேவிசி கம்பெனி வி.எச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. படம் பீட்டாமேக்ஸில்தான் நன்றாக இருக்கும் என்று பேர். ஆனால் முதலில் வந்த பீட்டாமேக்ஸ் கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும். வி.எச்.எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு முழுப்படம் ஒரே கேசட்டில் அடங்குமா என்பதுதான் ஜனங்களுக்கு முக்கியமாக இருந்தது. தெளிவைவிட நேரம் ஜெயித்ததற்கு இது ஒரு காரணம். வீட்டு வீடியோவின் வரலாற்றில் அப்போதிருந்தே இப்படித்தான்: எது நல்ல படம் என்ற கேள்விக்கு முன்னால் வேறு ஏதோ ஒரு கேள்வி நிற்கும்.

இந்தியாவில் 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி கலர் டிவி வந்தது. வீட்டுக்கு வீடு டிவி வருவதற்கு முன்பே ஊர்ப்பக்கம் டெக் வந்துவிட்டது. டிவியையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். அப்போது இந்தப் பகுதி முழுக்கத் திருச்சி மாவட்டம், பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான். லப்பைக்குடிக்காடு மாதிரியான ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போனவர்கள் திரும்பி வரும்போது டேப் ரிக்கார்டர், டெக், அப்புறம் கேமரா என்று கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்கு கருப்பு வெள்ளை போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர்கள் கடன் வாங்கி வீடியோவுக்கு மாறினார்கள்.

தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோவின் முதல் தலைமுறைக் கேமரா என்றால் பழைய ஆட்கள் சொல்கிற பெயர் பானாசோனிக். எம் 3000, எம் 9000 என்று நம்பரைச் சொன்னாலே போதும், மாமா பேரைக் கேட்ட மாதிரி முகம் மலரும். முழு அளவு வி.எச்.எஸ். கேசட்டை அப்படியே விழுங்குகிற தோள் கேமரா. அதற்குப் பின்னால் ஒயரைச் சுமந்துகொண்டு லைட் பாய். அவர் கையில் கண்ணைக் கூசவைக்கிற ஹாலஜன் லைட். பழைய கல்யாண வீடியோக்களில் எல்லோரும் ஏதோ குற்றம் செய்துவிட்டு மாட்டிக்கொண்டதுபோல கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அந்த லைட்தான்.

வி.எச்.எஸ். படத்தின் நுணுக்கம் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு. இன்றைய கண்ணுக்கு அது பனிமூட்டம். அதையும் அப்படியே தரமாட்டார்கள். மாஸ்டர் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு மாற்றும்போது மிக்ஸிங் நடக்கும். பானாசோனிக் மிக்ஸர் பெட்டியில் ஒரு பட்டனை அமுக்கினால் மணப்பெண் இதய வடிவத்துக்குள் போவாள், இன்னொன்றை அமுக்கினால் மாப்பிள்ளை நான்காகப் பிரிந்து சுழல்வார். ஒவ்வொரு நகலிலும் படம் இன்னும் கொஞ்சம் கரையும். நம் வீட்டுக்கு வருவது இரண்டாவது அல்லது மூன்றாவது நகல்.

என் மொட்டை கேசட்டும் அப்படித்தான் வந்தது. மாஸ்டரைக் கேட்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. டேப் விலை அதிகம் என்பதால் ஸ்டுடியோவில் மாஸ்டரை அழித்து அடுத்த விசேஷத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள். அது அன்றைய வழக்கம். கேட்டிருந்தால் கொடுத்திருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

3

1995இல் டிவி என்று பெயரிட்ட, நம் டிவியோடு சம்பந்தமில்லாத டிஜிட்டல் முறை வந்தது. டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். தீப்பெட்டி அளவில் மினிடிவி கேசட், ஒரு மணி நேரம். 720×576 புள்ளி. நகல் எடுத்தாலும் கரையாது. சோனியின் விஎக்ஸ் 1000 அந்த வருஷம் மூன்று சிசிடியோடு வந்தது, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கண். சில வருஷத்தில் பிடி 150, பிடி 170, பானாசோனிக்கின் எம்டி 9000, எம்டி 10000 எல்லாம் மாவட்ட ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஸ்டுடியோ போர்டுகளில் '3 சிசிடி' என்று எழுதினார்கள். பார்ட்டி வீட்டிலும் "எத்தன சிசிடி?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் முதல் வேடிக்கை. இவ்வளவு நல்ல படத்தை எடுத்து எதில் கொடுத்தார்கள்? விசிடியில். விசிடியின் அளவு 352×288. கணக்குப் போட்டால் எடுத்த புள்ளிகளில் நாலில் ஒரு பங்கு. மீதி முக்கால் பங்கை வழியிலேயே கொட்டிவிட்டோம். ஏன் என்றால் வீடுகளில் இருந்தது விசிடி பிளேயர். கேமராவை ஸ்டுடியோக்காரர் தேர்ந்தெடுத்தார், பிளேயரை நாம் தேர்ந்தெடுத்தோம், இரண்டு பேரும் கலந்து பேசவில்லை.

அப்புறம் டிவிடி வந்தது. விசிடி ஒழிந்தது. எடுத்ததும் பார்ப்பதும் ஒரே அளவு என்று ஆனது. அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான்.

4

2003இல் கேனான், ஷார்ப், சோனி, ஜேவிசி நான்கு கம்பெனிகளும் சேர்ந்து ஹெச்டிவி என்ற முறையை அறிவித்தன. அதே மினிடிவி கேசட், அதே வேகம், ஆனால் 1440×1080 புள்ளி. 2004இல் சோனியின் எஃப்எக்ஸ் 1 வந்தது. கல்யாண வீடியோவில் ஹெச்டி என்ற சொல் நுழைந்தது இதற்குப் பிறகுதான்.

அப்போது ஒரு ஸ்டுடியோக்காரர் கேமரா வாங்குவது எளிதான முடிவு கிடையாது. புள்ளி அதிகமானால் படம் தெளிவு, சரி. ஆனால் அதே அளவு சென்சாரில் அதிகப் புள்ளியை நெருக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற வெளிச்சம் குறையும். பழைய பிடி 170க்கு ஒரு லக்ஸ் வெளிச்சம் போதும் என்று கம்பெனி சொன்னது, எஃப்எக்ஸ் 1க்கு மூன்று லக்ஸ். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பூஜை எடுக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய மினிடிவியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகப் பதிவாகும். டேப்பில் தூசி விழுந்தால் ஒரு ஃபிரேமில் புள்ளி தெரியும், அவ்வளவுதான். ஹெச்டிவியில் பன்னிரண்டு ஃபிரேமை ஒரு கட்டாகக் கட்டி, முதல் ஃபிரேமை முழுதாகவும் மற்றதில் மாறுகிற பகுதியை மட்டும் பதியும். அந்தக் கட்டில் ஒரு இடம் கெட்டால் கிட்டத்தட்ட அரை நொடி போச்சு. தாலி கட்டுகிற நேரத்தில் அரை நொடி என்பது மூன்றாவது முடிச்சு.

இதையெல்லாம் எடை போட்டு வாங்கினார்களா? கொஞ்சம் பேர் வாங்கினார்கள். ஆனால் சந்தையில் அதிகம் ஓடியது எது என்று பார்த்தால் வேறு கதை தெரியும். 2007இல் சோனி ஹெச்டி 1000 என்று ஒரு கேமரா விட்டது. பெரிய தோள் கேமரா. உள்ளே இருந்தது ஒரே ஒரு சின்ன சென்சார், வீட்டு ஹேண்டிகேமில் இருக்கிற ஜாதி. சின்னக் கேமராவின் உறுப்புகளைப் பெரிய உடம்புக்குள் வைத்துக் கொடுத்தார்கள். இந்தியக் கல்யாண வீடியோக்காரர்கள் அதைக் கொத்திக்கொண்டு போனார்கள்.

சிரிக்க வேண்டியதில்லை. கையடக்கக் கேமராவோடு மண்டபத்துக்குப் போனால் பெண் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். "இதுக்கா இவ்ளோ ரூவா? எங்க மச்சான் கிட்டயே இருக்கே இது." படம் எப்படி வரும் என்பது மூன்று மாதம் கழித்துத் தெரியப்போவது. கேமரா எப்படி இருக்கிறது என்பது இப்போதே, எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. மண்டபத்தில் கேமராவும் ஒரு சீர்வரிசை.

சரி, ஹெச்டியில் எடுத்தாயிற்று. எதில் பார்த்தோம்? அது 2006, 2007 காலம். தமிழ்நாடு அரசு வீடுகளுக்கு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த நேரம். 14 இஞ்ச், குழாய் டிவி. அடுத்த சில வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தெருவில் அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று படம் பார்த்த பிள்ளைகள் அதற்குப் பிறகு தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் சொல்ல வருவது, ஜப்பானில் புள்ளிகள் பெருகிக்கொண்டிருந்த அதே வருஷத்தில் நம் ஊர்க் கண்ணுக்குக் கிடைத்த திரை அது. 1440×1080இல் எடுத்த கல்யாணம் 720×576 டிவிடியாக ஆகி, அந்த 14 இஞ்சில் ஓடியது. மறுபடியும் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம்.

ஹெச்டிக்கென்றே இருந்த தட்டு ப்ளூ-ரே. 2008இல் தோஷிபா தன் ஹெச்டி டிவிடியைக் கைவிட்டதும் ப்ளூ-ரே ஜெயித்துவிட்டது என்று உலகமே எழுதியது. எங்கள் பக்கத்தில் ப்ளூ-ரே பிளேயர் வைத்திருந்த ஒரு வீட்டையும் நான் பார்த்ததில்லை.

தட்டை டிவி வந்த பிறகாவது சரியானதா? எங்கள் வீட்டில் முதல் எல்.சி.டி. வந்தபோது பழைய டிவிடி பிளேயரை அப்பாவே மாட்டினார். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனை கொண்ட ஒயர். சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு, மஞ்சள் படத்துக்கு. அந்த மஞ்சள் ஒயரின் வழியாகப் பழைய காலத்து டிவி படம்தான் போகும், ஹெச்டி அதில் நுழையாது. அதற்கு ஹெச்டிஎம்ஐ ஒயர் வேண்டும். கூடவே, சதுரத்துக்குப் பக்கத்தில் இருந்த 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பும் ஆப்ஷன் வேறு ஆனில் இருந்தது. அத்தைகள் எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். ஒரு அத்தை கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

எத்தனையோ வீட்டில் ஹெச்டி டிவியும் ஹெச்டி செட்டாப் பாக்ஸும் இருக்கும், நடுவில் மஞ்சள் ஒயர் இருக்கும். கேமராவின் பேர், டிவியின் இஞ்ச் இரண்டையும் பார்த்து வாங்கினோம். நடுவில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இன்றைக்கும் 4கேயில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அது நசுக்கிக் கொடுப்பதைப் போனில் பார்க்கிறோம். ஒயர் போய்விட்டது, மஞ்சள் இருக்கிறது.

5

இதுவரை சொன்னது படத்தைப் பற்றி. படத்துக்கு நடந்ததைவிட மோசமானது சத்தத்துக்கு நடந்தது.

வி.எச்.எஸ். கேசட்டில் சாதாரண ஒலி டேப்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய தடத்தில் பதியும். நம் நாட்டு முறையில் அந்த டேப் நொடிக்கு 2.3 சென்டிமீட்டர் ஓடும். பாட்டு கேட்கிற ஆடியோ கேசட் ஓடுவதில் பாதி வேகம். அதனால் ஒலி மந்தம். டிஜிட்டல் மினிடிவி வந்தபோது ஒலி சட்டென்று சிடி தரத்துக்கு உயர்ந்தது. ஆனால் அந்த நல்ல ஒலியை யார் கேட்டது? மிக்ஸிங்கில் அதை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டு போட்டார்கள். தாலி கட்டும்போது மட்டும் கொஞ்சம் மேளம். மற்றபடி முதல் காட்சியிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை பாட்டு. கோயில் விசேஷம் என்றால் எல்.ஆர். ஈஸ்வரி.

இதே காலத்தில்தான் வீடுகளில் ஹோம் தியேட்டர் மோகம் வந்தது. தமிழின் முதல் டிடிஎஸ் படம் என்று சொல்லப்படும் 'கருப்பு ரோஜா' 1996இல் வந்தது. தியேட்டரில் பின்னாலிருந்து சத்தம் வருவதைக் கேட்டுவிட்டு வந்த பையன்கள் வீட்டிலும் அப்படி வேண்டும் என்றார்கள். கம்பெனி செட் வாங்க முடியாதவர்கள் அசெம்பிள் செட் வாங்கினார்கள். ரிச்சி தெருவிலிருந்து போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வந்து ஆம்ப் கட்டிக்கொடுக்கிற ஒருவர் அநேகமாக ஒவ்வொரு டவுனிலும் இருந்தார். ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர். பாஸ் விட்டால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஆடும்.

ஆக, வீட்டில் ஆறு பெட்டி. கேமராவில் சிடி தரத்தில் ஒலி. இரண்டுக்கும் நடுவில், அந்த நாளில் அங்கே பேசியவர்களின் குரல் மட்டும் இல்லை. மஞ்சள் ஒயர் படத்தில் முக்கால் பங்கைத் தின்றது தெரியாமல் நடந்தது. குரலை நாமே காசு கொடுத்து அழித்தோம். "பாட்டு நல்லா போட்ருக்கான்" என்று பாராட்டவும் செய்தோம்.

எங்கள் அப்பாயி 1999இல் இறந்துபோனார். அவர் இருக்கிற ஒரே வீடியோ என் மொட்டை கேசட். வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்தது. உலகத்தில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பான் கம்பெனி 2016இல் அதை நிறுத்தியது என்ற செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திருச்சியில் விசாரித்து ஒருவரிடம் கொடுத்தேன். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்து, மெதுவாக ஓட்டி, எடுத்துக் கொடுத்தார். அப்பாயி மாவிளக்குத் தட்டோடு நிற்கிறார். வாய் அசைகிறது. ஏதோ சத்தமாகச் சொல்கிறார். பாட்டு ஓடுகிறது.

6

அந்த மொட்டைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சித்தப்பா வந்திருந்தார். அவர் கையில் ஒரு சின்ன ஹேண்டிகேம், எட்டு மில்லிமீட்டர் டேப் போடுவது. அன்று ராத்திரியே வீட்டு டிவியில் மாட்டிக் காட்டினார். படம் கருப்பு வெள்ளையாக, மேலும் கீழும் உருண்டுகொண்டே இருந்தது. அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையும் நம் பால் முறையும் ஒத்துப்போகாது என்று அவர் விளக்கினார். "வெளிநாட்டு கேமராங்கிறாங்க, ஒண்ணும் தெரியல" என்று சொல்லி எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்தக் கேசட் அவர் பெட்டிக்குள் போனது, யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த டேப்பில் மிக்ஸிங் கிடையாது. பாட்டு கிடையாது. அந்த முறையில் ஒலியை ஓரத் தடத்தில் போடாமல், படத்தைப் பதிகிற சுழலும் ஹெட்டே சேர்த்துப் பதியும், அதனால் சாதாரண வி.எச்.எஸ்ஸைவிட ஒலி தெளிவு. போன வருஷம் நான் கேட்டதும் சித்தப்பா பரணிலிருந்து தேடி எடுத்து, பழைய ஹேண்டிகேமையே உயிர்ப்பித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினார். நாற்பத்திரண்டு நிமிஷம். கை ஆடுகிறது. பாதி நேரம் யாருடைய முதுகோ தெரிகிறது.

மலைக்குப் போனதும் அதில் இருக்கிறது. பெரியசாமி கோயிலின் பெரிய சுடுமண் சிலைகளுக்கு முன்னால் நாங்கள் வரிசையாக நிற்கிறோம். 2021 அக்டோபரில் அங்கே சிலைகளை உடைத்துப்போட்ட செய்தி வந்தபோது ஊரே பதறியது. அந்தச் சிலைகள் முழுதாக நின்ற கோலம், பின்னணியில், ஃபோகஸ் இல்லாமல், எங்கள் தலைகளுக்கு மேலே சில நொடி ஓடுகிறது. யாரும் அதை எடுக்க நினைத்து எடுக்கவில்லை. இப்படி எத்தனை வீட்டுப் பீரோவில் எத்தனை நொடி கிடக்கிறதோ. பெரம்பலூர் மாவட்டத்தில்தான் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது, 12 கோடி வருஷம் பழையது, வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். முப்பது வருஷ டேப்புக்கு வேலி கிடையாது. காற்றின் ஈரமே போதும் அதற்கு.

அப்பாவுக்குப் பதில் சொன்னேன். எந்தக் கேமரா என்றாலும் சரி, இப்போது வருகிற எல்லாமே நன்றாக எடுக்கும். ஸ்டுடியோக்காரரிடம் மூன்று விஷயம் மட்டும் முதலிலேயே பேச வேண்டும். வெட்டாத, பாட்டு போடாத ஒரிஜினல் ஃபைல் அத்தனையும் நமக்கு வேண்டும். அதை இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு இரண்டு வீட்டில் வைக்க வேண்டும், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுசுக்கு மாற்ற வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர் சட்டையிலோ புடவையிலோ சின்ன மைக் ஒன்று குத்த வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் பெட்டி எத்தனை இருக்கிறது என்பதைவிட அந்த மைக் முக்கியம்.

"ட்ரோன் வேணாமா?" என்றார் அப்பா. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம் என்றேன். மனதுக்குள் அவருக்கு ஆசை இருந்தது.

அன்று ராத்திரி சித்தப்பாவின் டேப்பைப் புது டிவியில் போட்டோம். 65 இஞ்சில் அந்தப் படம் சாயம் போன துணி மாதிரி இருந்தது. மாவிளக்கு ஏற்றுகிற இடம் வந்தது. வி.எச்.எஸ்ஸில் வாய் மட்டும் அசைந்த அதே இடம், வேறு கோணத்திலிருந்து. அப்பாயிக்கு முன்னால் பெரிய தோள் கேமராவோடு ஸ்டுடியோக்காரரின் முதுகு, பக்கத்தில் லைட் பாய். அம்மன் தெரியவில்லை. ஐந்து ஸ்பீக்கரிலும் அப்பாயி குரல் வந்தது.

"ஏம்ப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. சாமிய மறைக்கிற."

அப்பா ரிமோட்டை வாங்கி, திரும்ப ஒருமுறை ஓட்டினார்.